வெர்னா வீட்டு முன்னறை ஃபேன்

ஜூன் 9, செவ்வாய்

முன்னறை ஃபேன் காலையிலிருந்து 'டக், டக்' என்கிறது. தங்கை வெர்னா காப்பியை வைத்துவிட்டு, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றாள். பாராமல் என்ன? வளைகுடாவின் நடுவில், புயலில், அறுந்துபோன இன்ஜின் பெல்ட்டுக்குப் பதிலாக என் இடுப்பு பெல்ட்டை மாட்டி இறால் படகைக் கரை சேர்த்தவன் நான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுக்கான். இந்த லூசியானா கரையில் வேறு யார் செய்திருக்கிறார்கள்?

மடக்கு ஏணியில் ஏறி மோட்டாருக்குள் எண்ணெய் விட்டேன். தாராளமாகவே விட்டேன். என் கை கஞ்சக் கை இல்லை.

ஜூன் 10

எண்ணெய் சோபாவெங்கும் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கிறது. சத்தமும் அப்படியே. எண்ணெய் ஊறுவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றேன். வெர்னா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

என்னிடம் மறைத்துப் பேச அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஜூன் 13, சனி

தெரிந்துவிட்டது. க்ளோவிஸ்.

பள்ளிக்கூடத்தில் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சில வருஷமாகிறது. ஞாயிறு பூசையில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து, பாட்டு வந்தால் மட்டும் சத்தமாகப் பாடுவான். சைப்ரஸ் மரம் மாதிரி உயரம். ஏணியே இல்லாமல் கையைத் தூக்கினால் ஃபேன் அவன் கையில்.

கூரையிலிருந்து ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் அளவுகோல் வைத்துப் பார்த்தான். ஒன்று மட்டும் கீழே தொங்கியது. இறக்கையை இரும்புக் கையோடு பிடிக்கும் திருகுகளில் ஒன்றைக் காணோம். புதிதாக ஒன்றைப் போட்டு முடுக்கினான். சத்தம் நின்றது. இதை நானே கண்டுபிடித்திருப்பேன், என் எண்ணெய்க்கு இன்னும் ஒரு நாள் கொடுத்திருந்தால்.

"மோட்டார்ல எண்ணெய் விட்டது யாரு?" என்றான்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல கேப்டன். இந்த மோட்டாருக்கு எண்ணெயே தேவையில்ல. அதான் கேட்டேன்."

ஒரு திருகுக்கு மூன்று தட்டு கம்போக் குழம்பும் சோறும் தின்றான். நான் சுறாமீன் கதையை எடுத்தேன். வலையில் சிக்கிய பன்னிரண்டடிச் சுறாவை நான் கண்ணைப் பார்த்தே பின்வாங்க வைத்த கதை. வெர்னாவின் புருஷன் லெஸ்டர் செத்த பிறகு இந்த வீட்டுக்கு வந்த மூன்று பேரை அந்தக் கதையாலேயே அனுப்பியிருக்கிறேன். ஒருவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

இவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "பூசை முடிஞ்சு போன மாசம் சொன்னப்ப எட்டடியில்ல இருந்துச்சு?" என்றான்.

"வளர்ற வயசு" என்றேன். வெர்னா சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஜூன் 20, சனி

மறுபடியும் டக், டக். இந்த முறை வேறொரு இறக்கை. மறுபடியும் க்ளோவிஸ். மறுபடியும் ஒரு திருகு. இன்றைக்கு நண்டு.

ஜூன் 21

பூசையில் உட்கார்ந்து யோசித்தேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தாரோ தெரியாது, என் மூளை ஃபேனில் இருந்தது. ஆட்டத்தில் திருகு கழன்றால் எங்கே விழும்? தரையில்தானே விழும்? வீட்டுக்கு வந்ததும் சோபாவை நகர்த்தி, கம்பளத்தைப் புரட்டி, முழங்காலில் தவழ்ந்து தேடினேன். ஒரு சட்டைப் பொத்தான், வேர்க்கடலைத் தோல், ரெனேயின் பழைய காதணி. திருகு இல்லை.

விழவில்லை என்றால் எடுத்திருக்கிறார்கள். எடுப்பதற்கு எட்டுகிற கை யாருடையது? போகும்போது சட்டைப்பையை ஏன் தடவிக்கொண்டே போனான்?

ரெனேக்குப் போன் போட்டேன். வெர்னாவின் ஒரே பெண், லஃபாயெட்டில் இருக்கிறாள். தாய்மாமன் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

"மாமா, ஒரு ஆளு ஃபேன் திருகைத் திருடி என்ன செய்யப் போறாரு?"

"திருகை இல்லடி. வீட்டை."

"வீட்டையா, அம்மாவையா?" என்று கேட்டாள். படிக்க வைத்தால் இப்படித்தான் கேட்கும். ஆறாம் வகுப்போடு நிறுத்தியதில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஆனால் அவன் உள்ளே வந்தால் நான் எங்கே போவேன்? படகு விற்றாயிற்று.

ஜூன் 24, புதன்

இயந்திரத் துப்பறிவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெர்னாவின் சிவப்பு நகச்சாயத்தை எடுத்து ஃபேனின் எல்லாத் திருகுத் தலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்தால் திருகு அசையாது. யாராவது அசைத்தால் சாயம் உடையும். படகில் இப்படித்தான் செய்வோம். செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 28, ஞாயிறு

க்ளோவிஸ் சத்தமே இல்லாத ஃபேனைச் 'சும்மா பார்த்துட்டுப் போக' வந்தான். கழிப்பறைக்குப் போகும்போதுகூடப் பின்னால் போனேன்.

"உள்ளயும் ஃபேன் இருக்கா கேப்டன்?" என்றான்.

கையை ஒருமுறைகூடத் தலைக்கு மேல் தூக்கவில்லை. சத்தியம்.

ஜூலை 3, வெள்ளி

டக், டக், டக்.

ஏறிப் பார்த்தேன். ஒரு திருகு இல்லை. பக்கத்துத் திருகில் சாயம் உடைந்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அவன் ஹூஸ்டனில் மகன் வீட்டில் இருக்கிறான். என்னதான் நீளமான கை என்றாலும் ஹூஸ்டனிலிருந்தா? பின்பக்க ஜன்னலின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆளை வைத்துச் செய்கிறானா? தபால்காரனின் முழி இரண்டு நாளாகச் சரியில்லை.

ஜூலை 5, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் வெர்னா ரொட்டி சுட்டிருந்தாள். அத்திப்பழ ஜாம் புட்டியையும் வெண்ணெய்க் கத்தியையும் என் பக்கம் தள்ளினாள். கத்தியை எடுத்தேன். நுனி லேசாக வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் சிவப்பாக ஒரு துளி.

ஜாம் இல்லை. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது.

அவளைப் பார்த்தேன். அவள் கத்தியைப் பார்த்தாள். மேலே ஃபேன் டக், டக் என்று போய்க்கொண்டிருந்தது.

"நீயா?" என்றேன்.

"ஆமா."

"அந்த ஏணியில ஏறியா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா என்னடி ஆவுறது?"

"உன்னைத் தாண்டி ஒரு மனுஷன் இந்த வீட்டுக்குள்ள வரணும்னா வேற என்ன செய்யச் சொல்ற? காப்பி குடிக்க வந்தவனை சுறாவைக் காட்டித் துரத்துற. ஃபேன் ரிப்பேருக்கு வர்றவனைத் துரத்த முடியாதுல்ல, உனக்கும்தானே வேர்க்குது."

"அவன் சொல்லித்தான் செஞ்சியா?"

"அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. நம்ம வீட்டு ஃபேன் மட்டும் ஏன் இப்படின்னு ராவெல்லாம் யோசிக்கிறாராம்." சமையல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாவு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சின்னச் சுருக்குப் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். மூன்று திருகுகள்.

நான் என்ன கேட்டிருக்கணும்? அவளுக்கு எத்தனை வருஷமா இப்படித் தனிமையா இருந்துச்சுன்னு கேட்டிருக்கணும். நான் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப நான் எங்க போறது?" அதுதான் வாயில வந்துச்சு.

"நீ ஏன் போற? கல்யாணம் ஆனா நான்தான் போறேன்" என்றாள். "அவரு வீட்டுல ஏசி. ஃபேனே கிடையாது. நீ இங்கயே இரு, லெஸ்டர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு."

இன்றைக்கு வெயில் அதிகம். கண் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 11

மூன்றாவது திருகை நானே போட்டேன். திருப்புளியால். க்ளோவிஸ் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. "ஈரக்காத்துல மரம் ஊதுது, அதான் கழலுது" என்று விளக்கம் கொடுத்தேன். நம்பிவிட்டான். இவனையா சூழ்ச்சிக்காரன் என்று நினைத்தேன்?

செப்டம்பர் 19, சனி

கல்யாணம். வெர்னாவைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனவன் நான். ஊரே என்னைத்தான் பார்த்தது என்று ரெனேயும் சொன்னாள், நான் கேட்டதற்கு அப்புறம். விருந்தில் சுறாக் கதை சொன்னேன். பன்னிரண்டடி என்று ஆரம்பித்தேன். க்ளோவிஸ் குறுக்கே வந்து, "கேப்டன் தன்னடக்கத்துல குறைச்சுச் சொல்றாரு, இருபதடி" என்று தன் சொந்தக்காரர்களிடம் சொன்னான்.

நான் திருத்தவில்லை.

செப்டம்பர் 27

ஃபேன் நன்றாக ஓடுகிறது. சத்தமே இல்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

சத்தமே இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுவது முன்னறை வரை கேட்கிறது. சுறாக் கதையை ஃபேனிடம் சொல்ல முடியுமா?

பூசை முடிந்து இரண்டு பேரும் அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். மழை வரும் போலிருந்ததாம்.

அக்டோபர் 9, வெள்ளி

மத்தியானம் வெர்னாவுக்குப் போன் போட்டேன். "முன்னறை ஃபேன் மறுபடி ஆரம்பிச்சிருச்சு. நான் எல்லா வித்தையும் பார்த்துட்டேன், எனக்கே பிடிபடல. க்ளோவிஸ் வந்து பார்த்தா தேவலை. நண்டு வாங்கி வெச்சிருக்கேன், அது தனி."

அந்தப் பக்கம் அவள் க்ளோவிஸிடம் ஏதோ சொன்னாள். அவன், "அளவுகோலை எடுத்துக்கறேன்" என்பது எனக்கே கேட்டது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றோம்ணே" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுக்குள்ள அந்த வெண்ணெய்க் கத்தியைக் கழுவி வை."