மேட்டுத் தோட்டத்துக்கு எப்படிப் போனது

12.10.1999, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. பள்ளத்துத் தோட்டத்து மிளகு வேரில் வாடல் பூசணம் இருப்பது உறுதி. ஆய்வகத்துப் பயிர் நோயியல் அலுவலர் போனில் சொன்னது, காலை 10.40, சேந்தமங்கலம் பூத்.

கண்ணுக்குத் தெரியாத உயிர். குளிர்ந்த ஈரமும் தேங்கிய நீரும் இருந்தால் பெருகும். சரிவில், நீர் வடியும் மண்ணில் அடங்கிக் கிடக்கும். மழைநீரோடு கீழே இறங்கும்.

"மேலே ஏறாதா?"

"தானா ஏறாது சார். யாராவது மண்ணோட தூக்கிட்டுப் போகணும். மண்வெட்டி, கூடை, செருப்பு."

செய்தி சேகரிக்கப் போன செப். 21 குறிப்பைப் புரட்டினேன். காலை பள்ளத்துத் தோட்டம். மதியம் மலை விவசாயி பழனியம்மாளின் மேட்டுத் தோட்டம். ஒரே ஷூ.

அங்கே எல்லாரும் வேலியோரம் செருப்பைக் கழற்றி, வாய்க்காலில் கால் கழுவித்தான் மிளகுக்குள் நுழைவார்கள். என்னிடமும் சொன்னாள். அட்டை கடிக்கும் என்றேன். "டவுன் காலு, அட்டைக்கு ருசிதானுங்க," என்று சிரித்து விட்டுவிட்டாள்.

'நோய் மேட்டுக்கு ஏறவில்லை' என்று எழுதினேன். அச்சாகியும் விட்டது.

14.10, வியாழன்

முதல் பஸ். மலைமேல் வாழவந்தி நாடு, பழனியம்மாளின் ஊர். தூறல்.

மேட்டுத் தோட்டத்தில் மூன்று மிளகுக் கொடி மஞ்சளாகியிருந்தன. தண்டடி கறுப்பு. நான் நின்று படம் எடுத்த பலா மரத்தடி.

இந்த மிளகை நம்பித்தான் பழனியம்மாள் மகளை நாமக்கல்லில் நர்ஸ் படிப்பில் சேர்த்திருக்கிறாள். கொழுந்தன் எல்லாக் கொடியையும் பிடுங்கச் சொல்கிறார்.

ஷூ விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் இலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானு ஒருக்காத்தான் சொன்னேன். ரெண்டாந்தரம் சொல்லியிருக்கோணும். பேப்பர்காரராச்சேன்னு உட்டுட்டேனுங்க."

பிறகு, "இதயும் பேப்பர்ல போடுவீங்களா?"

போடுவேன் என்றேன். தலையாட்டினாள். காபி கொடுத்தாள்.

15.10, வெள்ளி

மூன்று கொடியின் வேர், மண். தனித்தனிப் பை. ஆய்வகத்தில் நேரில் கொடுத்தேன்.

அலுவலர்: "அங்க முன்னாடியே இருந்து, இந்த மழையில கிளம்பியிருக்கலாம். நீங்க கொண்டுபோயும் இருக்கலாம். இருக்கா இல்லையான்னுதான் நான் சொல்ல முடியும். யாரு கொண்டுவந்தாங்கன்னு மண்ணு சொல்லாது."

முடிவு வரும்வரை மற்ற கொடிகளைப் பிடுங்க வேண்டாம், வடிகால் வெட்டினால் போதும் என்றார். பழனியம்மாளுக்கு இதை எழுதி, பஸ் கண்டக்டரிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன்.

திருத்தச் செய்தி அனுப்பியாயிற்று. ஆசிரியர் போனில்: "உங்க ஷூவெல்லாம் நியூஸாய்யா? ரிசல்ட் வரட்டும்."

ஆய்வக முடிவு 25, திங்கள், பதினொரு மணிக்கு மேல். மலையில் இன்னும் மழை.