அயாக்ஸா செல்டிக்கா: கையெழுத்துத் தாள் குறித்த முறையீடு

அனுப்புநர்:
கி. லக்ஷ்மிநாராயணன் (வயது 67),
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
அருள்வடிவு நகர், கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கால்பந்துப் பட்டிமன்றத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துத் தாளை, விளையாட்டுத் திடலைப் பூட்டுவதற்கான பொதுமக்கள் சம்மதமாகக் காட்டியது – உண்மையை எழுத்தில் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மனுக்கள், நாள் 17.03.2025, 21.04.2025, 19.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் நான்காவது மனு. முதல் மூன்றையும் வேறு அலுவலகங்களில் கொடுத்தேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. இதற்குக் கிடைக்கும் என்று நம்பியும் எழுதவில்லை. எழுதாமல் வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

1. அருள்வடிவு நகருக்கும் அதை ஒட்டிய பழைய ஊரான ஏரிக்கரைத் தெருவுக்கும் நடுவில் ஒரு திடல் உள்ளது. மனை பிரித்தபோது விளையாட்டுக்கென்று விடப்பட்ட பொது இடம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகக் கால்பந்து ஆடிவந்தார்கள். கோட்டுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் திரு. முனிரத்தினமும் உட்கார்ந்திருப்போம். அவர் ஏரிக்கரைத் தெருக்காரர், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், இளமையில் லீக் ஆட்டங்களில் இடது விங்கில் ஆடியவர். நான் எந்த விங்கிலும் ஆடியதில்லை, படித்ததோடு சரி.

2. பதினோரு வருடமாக எங்களுக்குள் ஒரே வழக்கு: கால்பந்தை அதிகம் மாற்றிய தொழில்முறை அணி எது? நான் நெதர்லாந்தின் அயாக்ஸ் என்பேன். 1971 முதல் தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். பின்கள ஆட்டக்காரர் முன்னே போவார், முன்கள ஆட்டக்காரர் பின்னே வருவார். இன்று டிவியில் பார்க்கும் ஆட்டத்தில் பாதி அங்கிருந்து வந்தது. அவர் ஸ்காட்லாந்தின் செல்டிக் என்பார். 1967-இல் அதே கோப்பையை வென்ற பதினோரு பேரும் தங்கள் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். "எங்கேர்ந்தோ ஆள இட்டாந்து ஜெயிக்கிறது இன்னா சார் ஜெயிப்பு? இங்கேர்ந்து கோவளம் போனாகூட முப்பது மைலு ஆவாது. அதுக்குள்ள ஒரு டீமு கெடைக்காதா?" என்பார். நெகிழ்ச்சி வேறு, தாக்கம் வேறு என்று நான் ஆதாரம் காட்டுவேன். "நீ மொதல்ல புக்க மூடு சார்" என்பார். ஓய்வு பெற்றபின் அதைவிட நல்ல பொழுது எனக்கு வாய்த்ததில்லை.

3. இந்த வழக்கைப் பட்டிமன்றமாக்கினால் என்ன என்று யோசனை சொன்ன பாவி நான்தான். 26.01.2025 மாலை திடலிலேயே நடத்தினோம். பொத்தேரியில் கல்லூரி ஆசிரியராக உள்ள திரு. ஆல்வின் நடுவர். 214 பேர் வந்தார்கள். முப்பத்தொரு வருட அலுவலகப் பழக்கம், கையெழுத்து வாங்காமல் எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. பெயர், கதவு எண், ஆதரிக்கும் அணி, கையெழுத்து என்று கோடு போட்டு, வரிசை எண்களையும் என் கையாலேயே எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது முனிரத்தினத்துடையது. தலைப்பையும் பத்திகளின் பெயர்களையும் பிறகு அச்சடித்துக்கொள்ளலாம் என்று மேலே நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டேன். செல்டிக்குக்கு 118 பேர், அயாக்ஸுக்கு 96 பேர். தோற்றேன். நடுவர் வழக்கம்போல இரண்டுமே சிறந்தவை என்று சொல்லி முடித்தார். முனிரத்தினம் என் தோளில் கைபோட்டுக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

4. தாள்களைக் கோப்பில் வைக்கும்படி குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் திரு. ஸ்ரீநிவாசனிடம் ஒப்படைத்தேன். "திடலைச் சங்க உறுப்பினர்களுக்கான பூங்காவாக்கவும், நுழைவைக் கட்டுப்படுத்தவும் கீழே கையெழுத்திட்டுள்ள பொதுமக்களாகிய நாங்கள் மனமுவந்து சம்மதிக்கிறோம்" என்று அந்த வெற்றிடத்தில் அவர் அச்சடித்து மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். மார்ச் முதல் வாரம் திடலுக்கு இரும்புக் கேட்டும் பூட்டும் வந்துவிட்டன. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே போகலாம். ஏரிக்கரைத் தெருவினர் உறுப்பினராகச் சங்க விதியில் இடமில்லை. கையெழுத்திட்ட 214 பேரில் 131 பேர் அந்தத் தெருவினர். தங்களைத் தாங்களே வெளியேற்றிக்கொள்ள அவர்கள் மனமுவந்து சம்மதித்ததாகக் கோப்பு சொல்கிறது. அந்தத் தெருவின் ஓவியா கல்லூரி அணியில் கோல்கீப்பர். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே அவள் நின்றதை நான் பார்த்தேன். எனக்கும் அட்டை வந்தது. பீரோவில் கிடக்கிறது.

5. ஐயா, தாளில் அணியின் பெயர் எழுதிய மூன்றாவது பத்தியைத் தயவுசெய்து பாருங்கள். பூங்கா கேட்பவர் தன் பெயருக்கு எதிரே செல்டிக் என்று ஏன் எழுதவேண்டும்? இதைக் கேட்டதற்கு, அவை வீட்டுப் பெயர்கள் என்று செயலாளர் எழுத்தில் விளக்கம் தந்துள்ளார். செல்டிக் என்ற பெயரில் 118 வீடுகள் உள்ள ஊர் ஸ்காட்லாந்திலேயே இருக்காது. ஆனாலும் மாநகராட்சியில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

6. 07.03.2025 அன்று முனிரத்தினம் அந்தத் தாளின் நகலுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். எவ்வளவு அழைத்தும் உள்ளே வரவில்லை. "இது உன் கையெய்த்துதான சார்? நம்பர்கூட நீ போட்டதுதான? எங்க தெரு பசங்கள வெளிய தள்றதுக்கு என்னையே ரெண்டாவதா கையெய்த்து போட வெச்சிட்டியே சார்" என்றார். நான் தலைப்பு, வெற்றிடம் என்று ஏதோ உளறினேன். அலுவலகத்தில் பழுத்தவன் தலைப்பில்லாத தாளில் கையெழுத்து வாங்குவானா என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அதன்பின் அவர் போனை எடுப்பதில்லை. கடைக்குப் போனால் அவர் மனைவி பச்சையம்மா, "அவரு இல்ல சார், போய்ட்டு வாங்க" என்கிறார். உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது.

7. வரும் 29.06.2025 ஞாயிற்றுக்கிழமை அவர் கடையை மூடிவிட்டு, நாவலூரில் இருக்கும் மகள் தீபாவின் அடுக்ககத்துக்குக் குடிபோகிறார். "பசங்க ஆடுறத பாக்க முடியாத எடத்துல இருந்து இன்னா பண்றது" என்று சொன்னாராம். போய்விட்டால் திரும்ப வரமாட்டார். எனக்கு நெஞ்சு வலிக்கிறது ஐயா, வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அந்தத் தாளை ரத்து செய்யவேண்டும், பூட்டை எடுக்கவேண்டும். இவை நடக்க மாதங்கள் ஆகும், நடக்காமலும் போகலாம். இதுபோல எத்தனையோ கோப்புகளை நானே அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். ஆகவே முதலில் கேட்பது இரண்டு வரி மட்டும்: இத்தாள் பட்டிமன்றத்துக்காக வாங்கப்பட்டது, லக்ஷ்மிநாராயணன் யாரையும் ஏமாற்றவில்லை என்று அலுவலக முத்திரையுடன், 29-ஆம் தேதிக்கு முன்பாக முனிரத்தினத்தின் பெயருக்கு அனுப்புங்கள். என் கடிதங்களை அவர் பிரிப்பதில்லை.

அதுவும் இயலாதென்றால், பொதுமக்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதாக என்மீதே வழக்குப் பதிவு செய்யும்படி வேண்டுகிறேன். நான் மறுக்கமாட்டேன். முனிரத்தினத்தைச் சாட்சியாக அழைப்பார்கள், அவர் வந்தாகவேண்டும். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் எழுந்து போக முடியாது.

இடம்: கிழக்குத் தாம்பரம்
நாள்: 16.06.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கி. லக்ஷ்மிநாராயணன்