ஐந்தாம் பெட்டிக்கு ஏறிய சூடு

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பேராசிரியர், கிருமி வளர்க்கும் பெண், கருவி செய்த இன்ஜினியர், தினமும் அளவு குறிக்கும் நான். ஆண்டவன் அருளால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சாக்கடை நீரைச் சுத்தமாக்கும் கிருமிகளைப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். பத்து நாளாக ஐந்தாம் பெட்டியில் மட்டும் காலையில் சூடு ஏறியது.

“உங்க மெஷின் பொய் சொல்லுது” என்றாள் கிருமி வளர்க்கும் பெண்.

“உங்க கிருமிக்குத்தான் காய்ச்சல்” என்றார் இன்ஜினியர்.

அந்தப் பெட்டியையே கொட்டிவிடச் சொன்னார் பேராசிரியர். அவளுடைய ஆறு மாத உழைப்பு, அத்தான்.

என் நோட்டைப் புரட்டினேன். இடையில் நான் விடுப்பு எடுத்து, அவள் அளவு குறித்த இரண்டு நாள் மட்டும் சூடு ஏறவில்லை. சரியாக வளராத பெட்டியாயிற்றே என்று, வெப்பமானி ஒட்டிய மூடிமேல் கை வைத்து, வேலைக்கு வரும் காலையெல்லாம் பிரார்த்தித்தவள் நானேதான். வேலை போனாலும் போகட்டும் என்று, அது என் கைச்சூடுதான் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். “சாமி கும்பிடுங்கம்மா, கையை மட்டும் எடுத்துடுங்க” என்றார் இன்ஜினியர். பேராசிரியர் பெட்டியைக் கொட்ட வேண்டாம் என்றார். எனக்கும் நன்றி சொன்னார். கடவுள் கைவிடவில்லை.

கோடு போட்ட நோட்டு இரண்டு அனுப்புங்கள். நீங்கள் சுருதி தப்பிப் பாடும் காலைப் பாட்டையும் போனில் பதிந்து அனுப்புங்கள். சமைக்கும்போது வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.