ராணியை எழுப்பிய குரல்

பாகூர்

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முட்டிவலிக்கு நான் சொன்ன பயிற்சியை விட்டுவிடவில்லையே? இந்தச் சேதியைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அபிஷேகப்பாக்கத்தில் அரங்கநாதன் என்பவரின் நாய் ராணியைக் கரும்பு டிராக்டர் இடித்துவிட்டது. எலும்பு கூடியும் பின்னங்காலை ஊன்றவே இல்லை. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிக்கு என்னை அனுப்பினார்கள். தினமும் அவர் வீட்டுக்கே போய், வழுக்காமல் சாக்கு விரித்து, காலை நீவி, மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தேன். பிஸ்கட்டுக்கும் அசையவில்லை, கெஞ்சலுக்கும் அசையவில்லை. "இந்த வாரமும் எழுந்துக்கலன்னா கருணை ஊசி போட்டுடலாம்மா, பாக்க முடியல" என்றார் அவர்.

நேற்று, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மணப்பட்டு மீன்காரம்மா தனக்கொடி மொபெட்டில் வந்தார். தெருமுனையில் "மீனேய்!" என்று அவர் கூவியதும் ராணி நாலு காலில் எழுந்து நின்றுவிட்டது! முன்பு தினமும் அதற்கு மீன்தலை போட்டவரின் குரலாம்.

"இன்னாடி, நான் வரலன்னுதான் படுத்துனு கெடந்தியா?" என்று தனக்கொடி அதன் காதைத் திருகினார். அரங்கநாதன் அப்புறம் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. இனி மீன் வரும் நேரம்தான் என் பயிற்சி நேரம். நடக்கவும் வைத்துவிடுவேன். நம் ஊர் போடியில் யாராவது "உன் மகள் நாய்க்குக் கால் பிடிக்கிறாளா?" என்று கேட்டால், ஆமாம் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. ஒரே ஒரு வேலை. "எந்திரிடி, காப்பி ஆறுது" என்று காலையில் சத்தம் போடுவீர்களே, அதைத் தம்பி போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அலாரம் இருக்கிறது, எழுந்தும்விடுகிறேன். இருந்தாலும் அனுப்புங்கள்.

உங்கள்
செல்வி