தரை தொடும் அங்கி

பாய்,

அரியலூர் கடைவீதியில் புதிதாக ஒரு தையல்கடை திறந்திருக்கிறார்கள். நேற்று என் வெள்ளை அங்கியை அங்கே கொண்டுபோனேன். கீழ் ஓரம் பிரிந்துபோய், நடக்கும்போது செருப்பில் மாட்டிக்கொள்கிறது. கடைக்காரர் அதை மேசையில் விரித்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கை நல்ல கைங்க. ஆனா அளவு தெரியாத ஆளு போல. ரெண்டு இஞ்ச் கூட வச்சுட்டாரு, அதான் தரையில இழுபடுது. வெட்டிடட்டுமாங்க?" என்றார்.

அளவு தெரியாத ஆளாம். உங்களைப் பார்த்து! நீங்கள் இருந்திருந்தால் கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி அந்த மனிதரை அங்கேயே தலை முதல் கால் வரை அளந்து காட்டியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அங்கியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தக் கடையின் மெஷின் எண்ணெய் வாசம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே நாக்கு திக்கும். எல்லா எழுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் திக்கினால்கூடச் சமாளித்திருக்கலாம். மற்ற எழுத்துகளில் ஓடுகிற நாக்கு, 'ப' வந்தால் சேற்றில் இறங்கிய வண்டி மாதிரி நின்றுவிடும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். பிதா, பாவம், பரலோகம், பரிசுத்தம், பிரசங்கம். இந்தத் தொழிலின் சரக்கெல்லாம் 'ப'வில்தான் இருக்கிறது. கர்த்தருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நான் சொல்லும்போதெல்லாம் சபை சிரிக்கிறது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

உங்களையே நான் பாய் என்று கூப்பிட முடியாமல்தானே இருந்தேன்? அப்போது நான் செந்துறைப் பக்கம் ஒரு சின்ன சபையில் உபதேசியார். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தைக்கக் கொடுக்கப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே உங்கள் கடைக்கு வந்தேன். ஊரே பாய் என்று கூப்பிடும்போது நான் மட்டும் அண்ணே என்றேன். நீங்கள் என்னை ஃபாதர் என்றீர்கள். நான் ஃபாதர் இல்லை, உபதேசியார், எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று திக்கித் திக்கி விளக்கினேன். "வூட்டுல ரெண்டு பேரு அப்பான்னு கூப்புடுறாங்கல்ல? அப்ப ஃபாதருதான்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தீர்கள். கடைசி வரைக்கும் அந்தப் பெயரை மாற்றவே இல்லை.

சட்டை முடியும் வரை சும்மா இருக்கவேண்டாம், கையில் இருக்கிற புத்தகத்தைச் சத்தமாக வாசியுங்கள், எனக்கும் பொழுது போகும் என்றீர்கள். வளைகுடாவில் பல வருடம் அரபிகளுக்கு நீள அங்கி தைத்த காலத்தில், பக்கத்து மெஷின்காரர் பேப்பர் வாசித்துக் காட்டுவாராம். மறுக்கத் தயக்கமாக இருந்தது. வாசித்தேன். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கமும் முடிந்தது. நீங்கள் நூல் மாற்ற மெஷினை நிறுத்தினீர்கள். அடுத்த வரியில் 'பழைய' என்ற சொல்லில் நான் நின்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மிதித்தீர்கள். 'பழைய' வழுக்கிக்கொண்டு வந்தது.

"மெஷினு ஓடுனா நீங்களும் ஓடுறீங்க ஃபாதர். அது நின்னா நீங்களும் நின்னுடுறீங்க" என்றீர்கள்.

என் குறையை என்னிடம் அவ்வளவு சாதாரணமாக, பட்டன் அறுந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் உங்கள் கடைதான் எனக்குப் பிரசங்க பீடம். நாளைக்குச் சபையில் சொல்லவேண்டியதை இன்று உங்கள் மெஷினுக்குச் சொல்வேன். உங்கள் பள்ளிவாசல் வழக்கப்படி நீங்கள் அதைப் பயான் என்பீர்கள். ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்கு நான் தாவிவிட்டால், "இந்த எடத்துல நூலு அறுந்துடுச்சு" என்பீர்கள். சாயங்கால அசர் தொழுகைக்குப் போகும்போது கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவீர்கள். இன்றைக்கும் எதையாவது எழுதி முடித்ததும் நூல் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடித்தான் திரும்ப வாசிக்கிறேன்.

ஆனால் சபையில் மெஷின் கிடையாதே. குருப்பட்டத்துக்கு முன்னால் ஒரு குழுவின் எதிரில் பிரசங்கம் செய்யவேண்டும். முதல் தடவை, 'பிரியமானவர்களே' என்று தொடங்கும் சொல்லிலேயே கவிழ்ந்தேன். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் மிகுந்த அன்போடு, ஆபீஸ் வேலைக்கு நல்ல ஆள் தேவைப்படுகிறது என்றார். இன்னும் ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அதிலும் கவிழ்ந்தால் நான் ஆயுள் முழுக்கப் பைல் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். எனக்கோ இந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதற்கும் அழைப்பு வந்ததாகத் தெரியவில்லை.

நண்பர்கள் 'அன்பானவர்களே' என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். உங்களிடம் வந்து சொன்னேன். மெஷினை நிறுத்தினீர்கள்.

"ஒரு எழுத்துக்குப் பயந்து ஓட ஆரம்பிச்சா, அப்புறம் ஓடிக்கிட்டேதான் இருக்கணும். மெஷின தூக்கிட்டுப் போவ முடியாது. மிதிய தூக்கிட்டுப் போங்க."

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. கடை நடுவில் என்னை நிற்கவைத்து, வலது காலால் வெறும் தரையை மிதிக்கச் சொன்னீர்கள். குதிகால், முன்கால், குதிகால், முன்கால். துணி கொடுக்க வந்தவர்கள், ஃபாதருக்குக் காலில் ஏதோ வியாதி என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். நான் சோர்ந்துபோன ஒரு நாளில், நம் இரண்டு பேருக்கும் பொதுவான, கடலைப் பிளந்து ஜனங்களை நடத்திய அந்தத் தீர்க்கதரிசியை நினைவூட்டினீர்கள். அவருக்கும் நாக்கு கட்டும் என்று நானும் படித்திருக்கிறேன். "அவரே வேலைய வுடல" என்று மட்டும் சொன்னீர்கள். அதை உங்கள் வாயால் கேட்டபோது எனக்குத் தெம்பு வந்தது.

ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. கால் ஆடுவதைப் பார்த்தால், பயந்து நடுங்குகிறான் என்றுதானே குழு நினைக்கும்? நீங்கள் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தோளிலிருந்து தரை வரைக்கும் டேப்பை விட்டு அளந்தீர்கள். அந்த இரண்டாவது பிரசங்கத்துக்கு அணிய நீங்கள் தைத்துத் தந்த வெள்ளை அங்கி, செருப்பையும் மூடிக்கொண்டு தரையைத் தொட்டது. உள்ளே ஒரு கால் என்ன செய்கிறது என்பது எனக்கும் உங்களுக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாகச் சொல்லவே இல்லை. பீடத்தில் ஏறி நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் ஒரு வெள்ளைத் தொப்பி. மிதித்தேன். "பிரியமானவர்களே" என்றேன். அது முழுசாக, ஒரு தையல்கூடப் பிசகாமல் வந்தது. பிதா வந்தார், பாவம் வந்தது, பரலோகம் வந்தது. கைக்கடிகாரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாதியில் உங்களைப் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில், நடைபாதைப் பக்கம் உங்கள் முழங்காலும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாய், என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அதுதான். குருப்பட்டம் பெற்ற நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. முடிந்து வெளியே வந்ததும் உங்களைக் கட்டிப்பிடித்தேன். முதல் தடவையாகப் பாய் என்று கூப்பிட்டேன். இந்த அண்ணே தொல்லை இனிமேல் இல்லை என்றீர்கள்.

போன நோன்பு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். உங்கள் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் வியாபாரிகள் வைத்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். வேட்டி சட்டையில் போயிருந்தேன். திறந்த மேடை, கைக்கு ஒரு மைக், காலை மறைக்க ஒன்றும் இல்லை. பேச்சை உங்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும். வேறு சொல்லைத் தேட எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் பார்க்க, வலது காலை மிதித்தேன். "பாய்" என்று தொடங்கினேன். கடைசி வரை கால் ஓடியது, நானும் ஓடினேன்.

இறங்கி வந்ததும் உங்கள் மகள் கிட்டே வந்தார். அழுத முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"எங்க அத்தா மெஷினு மிதிக்கிற மாதிரியே இருந்துச்சு ஃபாதர்" என்றார்.

இன்று காலை மறுபடியும் அரியலூர் கடைக்குப் போனேன். அந்த இரண்டு இஞ்சை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள் பாய். மறைக்கவேண்டிய காலத்தில் அது மறைத்தது. இனி என் கால் ஆடுவதைச் சபை பார்க்கட்டும். யாராவது கேட்டால் உங்கள் கதையைச் சொல்ல எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். வெட்டும் துண்டை மட்டும் எனக்குத் தந்துவிடுங்கள், வேதப் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் கத்தரியை எடுத்துக்கொண்டே, இதைத் தைத்தது யார் என்று கேட்டார்.

"பாய்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். கால் சும்மா இருந்தது.