அப்பாவோட கஷாயத்துக்கு வந்த பரீட்சை முடிவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதறது. நானும் அப்பாவும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீயும் அப்படியே இருப்பேன்னு நம்பி எழுதற வழக்கமான வரியை இந்தத் தடவை எழுத எனக்குக் கை வரலடி, அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

உன் முகாமுக்குச் சாமான் ஏத்திட்டுப் போற டிரைவர் அண்ணன் நேத்து சாயங்காலம் உன் கடுதாசியைக் கொடுத்தாரு. பாலத்துக்கு அளவெடுக்கற வேலை நல்லா போகுது, கொசுதான் ஆளையே தூக்கிட்டுப் போகுதுன்னு படிச்சுச் சிரிச்சேன். அடுத்த வரியிலேயே சிரிப்பு போயிடுச்சு. மலேரியா தடுப்பு மாத்திரை வயித்தைப் பிரட்டுதுன்னு நிறுத்திட்டியாம், அப்பா அனுப்பின இலைப்பொடியைக் கஷாயம் வச்சுக் குடிக்கறியாம், நடுவுல குளிர் காய்ச்சல் வந்து தானா விட்டுடுச்சாம், எல்லாம் கஷாயத்தோட மகிமையாம். அடி அசடே! மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டுத்தான் வரும். விட்டுடுச்சுன்னா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல.

இதுக்கெல்லாம் மூலகாரணம் உங்கப்பாதான். எங்க லேப்ல பழைய வைத்தியச் செடிங்களை ஒவ்வொண்ணா மலேரியாக் கிருமி மேல விட்டுப் பார்க்கறோம்னு உனக்குத் தெரியும். நம்ம வேலியோரத்துக் கசப்புச் செடியோட சத்து அந்தக் கிருமியைக் கொன்னுதுன்னு ஒரு நாள் சந்தோஷத்துல வந்து சொன்னேன். அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியல. தெருவெல்லாம் தம்பட்டம். உனக்குப் பொடி, பக்கத்து வீட்டுக்குப் பொடி, மலேரியா எட்டிக்கூடப் பார்க்காத இந்த ஊர்ல தனக்கும் காலையில ஒரு டம்ளர். நான் சொன்ன மிச்சத்தை யாரு காதுல வாங்கினா? நாங்க இலையை ஸ்பிரிட்ல ஊறவச்சு, அதுல இறங்கற சத்தைப் பிரிச்செடுத்துக் கண்ணாடித் தட்டுல இருக்கற கிருமி மேல விடறோம். அவரு தண்ணியில போட்டுச் சுண்டக் காய்ச்சறாரு. ரெண்டும் ஒண்ணாயிடுமா?

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் போன வாரம் அவரு கையால காய்ச்சின கஷாயத்தை ஃபிளாஸ்க்ல லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். கிருமி இருக்கற ஒரு தட்டுல கஷாயம், இன்னொரு தட்டுல வெறும் தண்ணி விட்டேன். ரெண்டு தட்டுக்கும் நம்பர் மட்டும் ஒட்டினேன். மைக்ராஸ்கோப்ல பார்த்து எண்ணினது நானில்ல, எதிர் மேஜைக்காரி. எங்க வழக்கம் அது, எது எதுன்னு தெரிஞ்சா கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். நேத்து காலையில முடிவைக் கொண்டுவந்தா. ரெண்டுமே தண்ணிதானேன்னு கேக்கறா! கஷாயத்துல கிருமி ஜாம் ஜாம்னு குடும்பம் நடத்துது.

நான் அந்தச் செடியைக் கைவிடல. இன்னும் எலிக்குக் கொடுத்துப் பார்க்கணும், ஈரலைக் கெடுக்குதான்னு பார்க்கணும், வருஷக்கணக்கா வேலை இருக்கு. எலிக்கு முன்னாடி என் பொண்ணு போய் வரிசையில நிக்க வேண்டாம். அந்தக் கிருமியைத் தினமும் கண்ணால பார்க்கறவ நான், எனக்குப் பயமா இருக்குடி.

அப்பா உன் கடுதாசியைப் படிச்சாரு. உடனே செருப்பை மாட்டிட்டுப் போய் டாக்டரைப் பார்த்து, வயித்தைப் பிரட்டாத வேற மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்து அவரே பொட்டலம் கட்டினாரு. ஆனா முதல்ல ரத்தப் பரிசோதனை, அது முடிஞ்சு அங்க இருக்கற டாக்டர் சொன்னப்புறம்தான் இந்த மாத்திரை. டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், உன்னை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் சாமானை இறக்குவாரு. வேலை இருக்குன்னு அவர்கிட்ட சாக்கு சொல்லாதே. கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில சொருகிட்டுப் படு.

நோய் நொடி அண்டாம நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு. மறக்காம ரத்தப் பரிசோதனை முடிவை இந்த வண்டியிலேயே அனுப்பு.

உன் அம்மா

கீழே தானும் எழுதணும்னு அப்பா பேனாவைப் பிடுங்கறாரு. என்ன எழுதப்போறாருன்னும் சொல்லிட்டாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அவரு வாயில வராத வார்த்தை அது, படிச்சா மனுஷன் எவ்வளவு பயந்துபோயிருக்காருன்னு உனக்கே புரியும்.

அம்மா சொல்றதுதான் சரி. பொடியைத் தூக்கிப் போட்டுடு தாயி. அப்பா.