மீதியிருக்கும் ஒரு கம்பி

லாரன்ஸ் மக்கா,

இன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மாலை ஐந்தே முக்கால். நீ செய்த கம்பிகளில் மீதி ஒன்று.

புன்னைக்காயலில் உன் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று மெழுகுவர்த்தியை எரியவிடவில்லை. உன் அம்மாவும் விடுவதாக இல்லை.

ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று கேட்பாய். போகவில்லை. நம் நிக்கல்-டைட்டேனியம் கம்பியை வளைத்துவிட்டுச் சூடுகாட்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பத் திரும்பச் செய்தால் மெல்ல மறக்கும். அந்த மறதியைப் போக்கத்தானே, முழங்கைபோல் மடங்கிய அச்சுக்குள் கம்பியைச் சூடாக நெருக்கித் தள்ளி, உள்ளிருக்கும் படிகங்களை நானோ அளவுக்கு நொறுக்கினோம்? நீ தள்ளியவை மறக்கவில்லை. சோதனைக்கென்று வெளியே அனுப்பியவை போக இது ஒன்றுதான் மிச்சம். நீ போன பிறகு அதே அச்சில் நான் தள்ளியவை எல்லாம் விரிசல் விட்டன. ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடையே உலையில் எவ்வளவு நேரம் விட்டாய்? எழுதிவைக்கவில்லை நீ. அதற்கு உன்னை இன்றும் திட்டுகிறேன்.

இந்தக் கம்பியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் படிகத்தின் அளவு தெரியும்; அதை வைத்து நீ உலையில் விட்ட நேரத்தை ஓரளவு கணித்துவிடலாம். அறுப்பது ஐந்து நிமிட வேலை. டீ ஆறும்வரைகூடப் பொறுக்காதவன் நான், இதை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறேன். நாம் தங்கிய மில்லர்புரம் அறையில் உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

இன்று உன் அம்மாவிடம் சொன்னேன். கம்பியை வாங்கி உருட்டிப் பார்த்தார்கள்.

"இதுக்கா இந்த முழி முழிக்க? ஞாபகத்துக்கு வேணும்னா அவன் தொவைக்காமப் போட்டுட்டுப் போன சட்டை நாலு கெடக்கு, எடுத்துக்க. இத அறுலே."

"அறுத்தா போயிரும்லாம்மா."

"அறுக்காம வச்சிருந்தா வந்துருவானாலே?"

தீப்பெட்டியை எடுத்தார்கள். நான் கையைக் குவித்துக் காற்றை மறைத்தேன்.

இனிச் செய்யப்போவது:

1. நாளைக் காலை கம்பியை அறுப்பேன்.
2. அளவு தெரிந்ததும் புதிதாக ஒன்று தள்ளுவேன். உலையை நேரத்துக்கு முன் திறக்க மாட்டேன்.
3. அது உடையாமல் நின்றால் இங்கே வந்து சொல்வேன். விரிசல் விட்டாலும் வருவேன்.
4. சட்டையில் ஒன்றை எடுத்துக்கொள்வேன். துவைக்க மாட்டேன்.

உன் அம்மா கையால் இன்னும் மீன்சோறு தின்னும் தம்பி,
செந்தில்